ஒரே ஓமோன், வேறு வேறு கலங்கள்: புரோமோட்டரின் வேலையைப் பாடசாலை ஆய்வுகூடத்தில் காட்ட வழி உண்டா?

உவர்மலை_உயிரியல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். உயர்தர உயிரியலில் பரம்பரையலகு (ஜீன்) வெளிப்பாட்டின் சீராக்கம் படிப்பித்து முடித்த பிறகும் விடைத்தாள்களில் மூன்று வாக்கியங்கள் விடாமல் வருகின்றன.

ஒன்று, "ஓமோன் புரோமோட்டருடன் இணைந்து பரம்பரையலகை இயக்கும்." இரண்டு, "எந்தக் கலத்தில் அந்தப் பரம்பரையலகு இருக்கிறதோ அந்தக் கலத்தில் மட்டும் ஓமோன் வேலை செய்யும்." மூன்று, "ஓமோன் நின்றால் புரதம் உண்டாவதும் உடனே நின்றுவிடும்."

மூன்றும் பிழை என்று சிவப்புப் பேனையால் கோடு போட்டுவிடலாம். ஆனால் சரியானது எது என்று கேட்டால் கலத்துக்குள் என்ன நடக்கிறதென்று அடி அடியாகச் சொல்ல வேண்டும். பாடநூலில் அது இரண்டு வரியோடு போய்விடுகிறது. எழுத்து எழுத்தாக விளக்கக் கூடியவர்கள் சொல்லித்தாருங்கள்.

இன்னொன்று. கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு செய்முறை வேண்டும். எங்களிடம் இருப்பவை: பிரஷர் குக்கர், பெத்திரிக் கிண்ணங்கள், ஏகார், அயடீன், 0.01 கிராம் வரை காட்டும் தராசு. அறைக்குக் குளிரூட்டி (ஏ.சி) இல்லை, பி.சி.ஆர் இயந்திரம் இல்லை. தம்பலகாமத்து விதைநெல் வேண்டிய அளவு கிடைக்கும். நெல்லை வைத்து ஏதாவது செய்யலாமா? எவ்வளவு என்ன சேர்ப்பது, எங்கே பிழைக்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.


கோணேசபுரி_கலம் எழுதியது:

மிஸ், மூன்று பிழைக்கும் வேர் ஒன்றுதான். ஓமோன் கட்டளை இடுகிறது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது கொண்டுவருவது செய்தி மட்டும். அதைக் கேட்க வாங்கி (ஓமோனைப் பிடிக்கும் புரதம்) இருக்கிறதா, கேட்ட பிறகு எந்தப் பரம்பரையலகைத் திறப்பது, இவை கலத்திலுள்ள புரதங்களும் டி.என்.ஏ தொடரும் சேர்ந்து முடிவு செய்யும் விடயங்கள்.

முதல் வாக்கியத்தில் நேரம் எடுத்து நில்லுங்கள், மற்ற இரண்டும் தானாக வரும். டி.என்.ஏ எழுத்துகளை அ (அடினீன்), தை (தைமீன்), கு (குவானீன்), சை (சைற்றோசீன்) என்று வைத்துக்கொள்வோம். புரோமோட்டர் என்பது ஆர்.என்.ஏ பொலிமரேசு (டி.என்.ஏயைப் பார்த்து, புரதம் ஆக்குவதற்கான பிரதியாகிய தூது ஆர்.என்.ஏயை எழுதும் நொதியம்) வந்து உட்காரும் இடம். பிரதியெடுத்தல் தொடங்கும் புள்ளிக்கு 25 முதல் 30 எழுத்து முன்னால் சில பரம்பரையலகுகளில் தை-அ-தை-அ-அ-அ என்ற தொடர் இருக்கும். பாடநூல் சொல்லும் டாட்டா பெட்டி அதுதான். (மனிதரின் பெரும்பாலான புரோமோட்டர்களில் டாட்டா பெட்டி கிடையாது. "எல்லாப் புரோமோட்டரிலும் உண்டு" என்று எழுதினால் அதையும் திருத்துங்கள்.) பொலிமரேசு தனியாக வந்து அங்கே இருக்காது. பொதுப் பிரதியெடுப்புக் காரணிகள் முதலில் கூடும், அவற்றின் மேல்தான் அது ஏறும். இந்த ஏற்பாடு மட்டும் இருந்தால் கிடைக்கும் தூது ஆர்.என்.ஏ மிகக் கொஞ்சம்.

ஓமோனுக்குரிய தொடர் வேறு. ஈஸ்திரோஜனை எடுங்கள். அது கலத்துக்குள் நுழைந்து தன் வாங்கிப் புரதத்துடன் இணைகிறது. இரண்டு வாங்கிகள் சோடியாகி டி.என்.ஏயில் இந்தத் தொடரைப் பிடிக்கின்றன:

கு-கு-தை-சை-அ, இடையில் எதுவாக இருந்தாலும் மூன்று எழுத்து, பிறகு தை-கு-அ-சை-சை.

கரும்பலகையில் இதை எழுதிவிட்டு எதிர் இழையை மறுபக்கத்திலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். அதே தொடர் வரும். வாங்கிகள் ஏன் சோடியாக வருகின்றன என்பதற்கு வேறு விளக்கமே தேவைப்படாது. ஒவ்வொரு வாங்கியும் ஒரு பாதியைப் பிடிக்கிறது. கோட்டிசோல் வாங்கி தேடும் தொடர் அ-கு-அ-அ-சை-அ, மூன்று எழுத்து இடைவெளி, தை-கு-தை-தை-சை-தை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், ஓரிரு எழுத்து மாறினாலே ஒரு ஓமோனின் செய்தி இன்னொன்றின் இடத்துக்குப் போகாமல் தடைப்படுவது தெரியும்.

இந்த ஏற்புத் தொடர்கள் புரோமோட்டருக்குள்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சில நூறு எழுத்து முன்னால் இருக்கலாம். ஈஸ்திரோஜன் வாங்கி பிடிக்கும் இடங்களில் பெரும்பாலானவை புரோமோட்டரிலிருந்து பல ஆயிரம் எழுத்து தள்ளியே இருக்கின்றன. இடையிலுள்ள டி.என்.ஏ வளைந்து தொலைவில் இருப்பதைக் கிட்டக் கொண்டுவருகிறது. வாங்கி அங்கே துணைப் புரதங்களைக் கூட்டுகிறது. அவை ஹிஸ்ரோன்களில் (டி.என்.ஏ சுற்றியிருக்கும் புரதங்களில்) அசெற்றைல் கூட்டத்தைச் சேர்த்துக் குரோமற்றினை, அதாவது டி.என்.ஏயும் அந்தப் புரதங்களும் சேர்ந்த கட்டை, தளர்த்துகின்றன, புரோமோட்டரில் பொலிமரேசு ஏறுவதற்குக் கைகொடுக்கின்றன. ஆகவே சரியான விடை இப்படி வர வேண்டும்: ஓமோன் வாங்கியுடன் இணைகிறது, வாங்கி ஏற்புத் தொடருடன் இணைகிறது, அதனால் புரோமோட்டரில் பிரதியெடுத்தல் தொடங்கும் வேகம் மாறுகிறது. மூன்று படி. பிள்ளைகள் நடுப்படியை விழுங்கிவிடுகிறார்கள்.

எல்லா வாங்கியும் ஒரே மாதிரி நடப்பதில்லை. கோட்டிசோல் வாங்கி ஓமோன் வரும்வரை குழியவுருவில் எச்.எஸ்.பி 90 என்ற புரதத்தோடு காத்திருந்து, ஓமோன் கிடைத்ததும் கருவுக்குள் போகிறது. ஈஸ்திரோஜன் வாங்கி பெரும்பாலும் கருவுக்குள்ளேயே இருக்கிறது. தைரொயிட்டு ஓமோன் வாங்கியைத்தான் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். அது ஓமோன் இல்லாதபோதும் டி.என்.ஏயில்தான் உட்கார்ந்திருக்கும், அப்போது பரம்பரையலகை அடக்கிவைக்கும். ஓமோன் வந்ததும் அடக்கும் புரதங்கள் விலகி, தூண்டும் புரதங்கள் அதே இடத்துக்கு வருகின்றன. இடம் மாறவில்லை, கூட இருப்பவர்கள் மாறினார்கள்.

குளூக்ககன், அதிரீனலின் போன்றவை கலத்துக்குள்ளேயே போவதில்லை. முதலுரு மென்சவ்வில் உள்ள வாங்கி, வட்ட ஏ.எம்.பி, புரதக் கைனேசு ஏ என்று செய்தி கைமாறி, கருவில் கிரெப் என்ற புரதத்தின் 133ஆவது அமினோவமிலமான செரீனில் ஒரு பொசுபேற்று ஏறுகிறது. கிரெப் பிடிக்கும் தொடர் தை-கு-அ-சை-கு-தை-சை-அ. ஈரலில் புதிதாகக் குளுக்கோசு ஆக்கும் நொதியங்களின் பரம்பரையலகுகள் இந்த வழியாக விழிக்கின்றன. இன்சுலின் எதிர்ப்பக்கத்தில் நின்று ஃபொக்சோ 1 என்ற புரதத்தைக் கருவை விட்டு வெளியே அனுப்பி அதே பரம்பரையலகுகளை அடக்குகிறது.

இரண்டாவது வாக்கியத்துக்கு முட்டையிடும் கோழி போதும். கோழியின் ஈரலிலும் முட்டைக்கானிலும் ஒரே டி.என்.ஏ, ஒரே ஈஸ்திரோஜன், ஒரே வாங்கி. ஈரல் உண்டாக்குவது மஞ்சட்கருவுக்குப் போகும் விற்றலோஜெனின். முட்டைக்கான் உண்டாக்குவது வெள்ளைக்கருவின் ஓவல்புமின். முட்டைக்கான் கலத்தில் விற்றலோஜெனின் பரம்பரையலகு காணாமல் போகவில்லை. குரோமற்றின் இறுகி மூடியிருப்பதால் வாங்கிக்கு எட்டவில்லை. சேவலின் ஈரலிலும் இந்தப் பரம்பரையலகு இருக்கிறது. சேவலுக்கு ஈஸ்திரோஜன் ஏற்றினால் அதன் ஈரலும் மஞ்சட்கருப் புரதத்தை உண்டாக்கி இரத்தத்தில் விடும். சில வாரம் விட்டு இரண்டாம் முறை ஏற்றினால் முதல் முறையைவிட வேகமாகவும் கூடுதலாகவும் உண்டாகும், ஏனென்றால் முதல் முறை திறந்த குரோமற்றின் முழுதாகப் பழையபடி மூடிக்கொள்வதில்லை.

மூன்றாவதற்கும் விற்றலோஜெனின்தான் பதில். ஆபிரிக்க நகத் தவளையின் ஈரலில் இதன் தூது ஆர்.என்.ஏயின் அரைவாழ்வு (பாதி சிதைய எடுக்கும் நேரம்) ஈஸ்திரோஜன் இல்லாதபோது ஏறக்குறைய 16 மணித்தியாலம், இருக்கும்போது ஏறக்குறைய 500 மணித்தியாலம். ஓமோன் பிரதியெடுத்தலைக் கூட்டுவதோடு எடுத்த பிரதியையும் அழியாமல் காக்கிறது. ஓமோனை எடுத்துவிட்டாலும் இருக்கும் தூது ஆர்.என்.ஏ சிதையும்வரை புரதம் வரத்தான் செய்யும். ஏற்கெனவே உண்டான புரதத்தின் ஆயுள் வேறு கணக்கு.

செய்முறையை வயல்காரர்கள் சொல்லட்டும்.


கந்தளாய்_வயல் எழுதியது:

நெல்லில் செய்யலாம் மிஸ். விதைநெல்லை 24 மணித்தியாலம் ஊறவைத்து 48 மணித்தியாலம் முளைகட்டி எறிகிறார்களே, அந்த முளைகட்டலுக்குள்ளேயே உங்கள் பாடம் இருக்கிறது. முளையம் ஜிபரெலினை விடுகிறது. அது தவிட்டுப் பக்கத்திலுள்ள அலூரோன் படைக்குப் போகிறது. அலூரோன் கலங்கள் அல்பா அமிலேசை உண்டாக்கி உள்ளே சுரக்கின்றன. அது மாப்பொருளை வெல்லமாக்கி முளைக்குக் கொடுக்கிறது. முளையத்தை வெட்டி எறிந்துவிட்டு அதற்குப் பதில் நாங்களே ஜிபரெலினைக் கொடுத்தால் அரைத் தானியமும் அமிலேசை உண்டாக்கும். மாப்பொருள் கலந்த ஏகாரில் வைத்து அயடீன் ஊற்றினால், மாப்பொருள் அழிந்த இடம் நீலமாகாமல் வெளிறிய வளையமாகத் தெரியும்.

முதலில் ஓமோன் கரைசல். ஜிபரெலிக் அமிலம், அதாவது ஜி.ஏ 3, ஒரு மோல் 346.4 கிராம். உங்கள் தராசில் 35 மில்லிகிராமை நம்பி நிறுக்க முடியாது. அதனால் 0.35 கிராம் நிறுத்து 10 மில்லிலீற்றர் எதனோலில் கரைத்து, காய்ச்சி வடித்த நீரால் 100 மில்லிலீற்றருக்குக் கொண்டுவாருங்கள். இது லீற்றருக்கு 10 மில்லிமோல். இதில் 10 மில்லிலீற்றரை மறுபடி 100 ஆக்கினால் லீற்றருக்கு 1 மில்லிமோல். இதுதான் வேலைக் கரைசல். நேரே தண்ணீரில் போட்டால் தூள் மிதந்துகொண்டு நிற்கும், கரைந்ததென்று நினைத்து ஏமாறுவீர்கள். விவசாய மருந்துக் கடையில் வாங்குவதானால் பொதியில் ஜி.ஏ 3 எத்தனை வீதம் என்று பார்த்துக் கணக்கை மாற்றுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஓரிரு கிழமைக்குள் பாவித்து முடியுங்கள்.

ஏகார்: 200 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் ஏகார் 3 கிராம், கரையும் மாப்பொருள் 0.4 கிராம், கல்சியம் குளோரைட்டு இருநீரேற்று 0.29 கிராம். கல்சியத்தை விட்டுவிடாதீர்கள், அல்பா அமிலேசு உருக்குலையாமல் நிற்பது அதனால்தான். மாப்பொருளை அள்ளிப் போட்டால் நீலம் கடுமையாகி வளையம் மறைந்துபோகும். கரையோரக் கிணற்றுநீரையும் குழாய்நீரையும் பாவிக்க வேண்டாம். காய்ச்சி வடித்தது இல்லையென்றால் வாகன பற்றறிக்கு விற்கும் தண்ணீர் சரிவரும். பிரஷர் குக்கரில் 15 நிமிடம். இப்படி இரண்டு குடுவை செய்யுங்கள்.

குடுவை கையில் பிடிக்கக்கூடிய சூட்டுக்கு, ஏறக்குறைய 50 பாகை செல்சியசுக்கு, வந்த பிறகுதான் ஜிபரெலின். குக்கருக்குள் வைத்தால் அது சிதைந்துவிடும். முதல் குடுவைக்கு வேலைக் கரைசல் 2 மில்லிலீற்றர் விட்டால் லீற்றருக்கு 10 மைக்ரோமோல். இரண்டாம் குடுவைக்கு ஓமோன் இல்லாத 1 வீத எதனோல் 2 மில்லிலீற்றர். இதை மறந்தால், வித்தியாசம் ஓமோனால் வந்ததா எதனோலால் வந்ததா என்று ஒரு பிள்ளை கேட்கும், பதில் இருக்காது. ஒரு குடுவையில் ஏறக்குறைய 10 கிண்ணம் ஊற்றலாம்.

நெல்: முளைதிறன் 85 வீதத்துக்குக் குறையாத விதைநெல். உமியைக் கையால் உரியுங்கள். ஆலையில் குற்றினால் அலூரோன் படை கீறுப்படும், சூட்டிலும் கெடும். அடியில் ஒரு பக்கம் சின்ன வெள்ளைப் புள்ளியாகத் தெரிவது முளையம். தானியத்தைக் குறுக்கே சரிபாதியாக வெட்டி முளையப் பக்கத்தைப் புறம்பாக வையுங்கள். முளையத்தை ஒட்டிய வித்திலை நெல்லில் தானும் அமிலேசைச் சுரக்கும், அதனால் முளையத்தின் ஓரத்தால் வெட்டாமல் நடுவால்தான் வெட்ட வேண்டும்.

அரைத் தானியங்களை 1 வீத சோடியம் ஐப்போகுளோரைற்றில் 15 நிமிடம் கிளறி, கொதித்தாறிய காய்ச்சி வடித்த நீரில் ஐந்து தரம் கழுவுங்கள். குளோரின் மிச்சம் இருந்தால் நொதியத்தைக் கெடுக்கும். வெட்டுமுகம் கீழே படும்படி கிண்ணத்துக்கு 8 வையுங்கள். இருட்டில் 28 முதல் 30 பாகையில் 48 முதல் 72 மணித்தியாலம். பிறகு தானியத்தை எடுத்துவிட்டு, 0.2 வீத அயடீனும் 2 வீத பொற்றாசியம் அயடைட்டும் உள்ள கரைசலை மெல்லிசாக ஊற்றி, ஒரு நிமிடத்தில் வடித்து, உடனே அடிமட்டத்தால் வளையத்தின் விட்டத்தை அளவுங்கள். நின்றால் நிறம் மங்கும்.

கிண்ணங்களின் ஏற்பாடு: ஓமோன் இல்லாத ஏகாரில் முளையமில்லாத பாதி, ஓமோன் உள்ள ஏகாரில் முளையமில்லாத பாதி, ஓமோன் இல்லாத ஏகாரில் முளையமுள்ள பாதி, ஓமோன் உள்ள ஏகாரில் 10 நிமிடம் கொதிக்கவைத்த பாதி. ஐந்தாவதாக ஒன்று வையுங்கள், பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்: ஓமோன் உள்ள ஏகாரில் கடைப் பச்சரிசி, நன்றாகத் தீட்டிய வெள்ளை. ஓமோன் இருக்கிறது, மாப்பொருளும் இருக்கிறது, வளையம் வராது. தீட்டும்போது அலூரோன் படை தவிட்டோடு போய்விட்டது, உள்ளே இருக்கும் வித்தகவிழையக் கலங்கள் தானியம் முற்றும்போதே இறந்தவை. செய்தி வந்தது, கேட்க ஆளில்லை.

பிழைக்கும் இடங்களைச் சொல்கிறேன். கொதிக்கவைத்த கிண்ணத்தில் வளையம் வந்தால் அது பற்றீரியாவின் அல்லது பூஞ்சையின் அமிலேசு. அந்தத் தொகுதி முழுவதையும் எறிந்துவிட்டுக் கிருமி நீக்கலைத் திருத்துங்கள். ஓமோன் இல்லாத கிண்ணத்தில் ஓரிரு தானியத்துக்கு மட்டும் வளையம் வந்தால் முளையத் துண்டு ஒட்டியிருக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. நாற்றை வெளிறி நெட்டையாக வளர்க்கும் பூஞ்சை நோயை யப்பானிய ஆய்வாளர் குரோசவா ஆராய்ந்து, அந்தப் பூஞ்சையின் வடிதிரவமே நாற்றை நீட்டுகிறது என்று 1926இல் காட்டினார். ஜிபரெலின் என்ற பெயரே அந்தப் பூஞ்சையிலிருந்து வந்தது. நோயுள்ள வயலின் நெல் என்றால் தானியமே ஓமோனைச் சுமந்துகொண்டு வரும். புழுங்கல் நெல்லை யாரும் கொண்டுவந்துவிடாமல் பாருங்கள், அதில் உயிருள்ள கலம் ஒன்றும் இல்லை.


கோணேசபுரி_கலம் எழுதியது:

கந்தளாய் அண்ணாவின் ஐந்தாவது கிண்ணம் அருமை. ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் செய்முறை சொல்லாததைப் பிள்ளைகள் முடிவில் எழுதிவிடுவார்கள். வளையம் காட்டுவது நொதியத்தின் தொழிற்பாட்டை. பிரதியெடுத்தல் நடந்தது என்பதற்கு அது நேரடிச் சான்று அல்ல. ஏற்கெனவே உள்ளே சேமித்துவைத்த நொதியம் ஓமோனால் வெளிவந்தாலும் இதே வளையம் வரும். வாற்கோதுமையில் பீற்றா அமிலேசு அப்படித்தான்: தானியம் முற்றும்போதே உண்டாகி, பிறகு விடுபடுகிறது.

இரண்டையும் பிரிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஓமோன் கிடைத்த அரைத் தானியங்களைக் கல்சியம் குளோரைட்டுக் கரைசலில் அரைத்து, வடித்து, 70 பாகையில் 15 நிமிடம் வையுங்கள். கல்சியம் இருக்கும்வரை அல்பா அமிலேசு இந்தச் சூட்டைத் தாங்கும், பீற்றா தாங்காது. சூடாக்கிய பிறகும் மாப்பொருளை உடைத்தால் அது அல்பா. கல்சியம் போதாவிட்டால் அல்பாவும் இந்தச் சூட்டில் எளிதில் கெடும்.

அல்பா அமிலேசு புதிதாகத்தான் ஆக்கப்படுகிறது என்பதை 1967இல் ஃபில்னரும் வார்னரும் வாற்கோதுமையில் காட்டினார்கள். ஒட்சிசன் 18 உள்ள தண்ணீரில் அரைத் தானியங்களை வைத்தார்கள். சேமிப்புப் புரதம் உடையும்போது அந்தத் தண்ணீரின் பாரமான ஒட்சிசன் அமினோவமிலங்களில் ஏறுகிறது. பிறகு எடுத்த அமிலேசு வழக்கமானதைவிட அடர்த்தி கூடியதாக இருந்தது. முன்பே இருந்த நொதியமென்றால் அடர்த்தி மாறியிருக்காது. பிள்ளைகளுக்கு இந்தத் தர்க்கத்தைச் சொல்லிக்கொடுங்கள். "எப்படித் தெரியும்" என்று கேட்கும் பழக்கம் அப்படித்தான் வரும்.

ஓமோனுக்கும் அமிலேசுப் புரோமோட்டருக்கும் இடையில் நெல்லில் நடப்பது, எழுதிக்கொள்ளுங்கள். ஜிபரெலினின் வாங்கி கிட் 1. இது 2005இல் முதன்முதல் கண்டுபிடிக்கப்பட்டதே நெல்லில்தான். கருவுக்குள் டெல்லா வகைப் புரதம் ஒன்று பிரதியெடுத்தலைத் தடுத்துக்கொண்டிருக்கிறது; நெல்லில் அதன் பெயர் எஸ்.எல்.ஆர் 1. ஜிபரெலினைப் பிடித்த கிட் 1 அந்த டெல்லாவைப் பற்றுகிறது. உடனே கிட் 2 உள்ள நொதியத் தொகுதி டெல்லாவில் யுபிகுயிற்றினை (அழிக்க வேண்டிய புரதத்துக்கு இடும் அடையாளத்தை) ஒட்டுகிறது, புரொட்டியசோம் டெல்லாவைத் துண்டாக்குகிறது. தடை போனதும் கமிப் என்ற புரதம் உண்டாகி, அமிலேசுப் புரோமோட்டரில் தை-அ-அ-சை-அ-அ-அ என்ற தொடரைப் பிடிக்கிறது. அதற்குப் பிறகே அமிலேசின் தூது ஆர்.என்.ஏ கூடுகிறது. கவனியுங்கள், ஜிபரெலின் இங்கே எதையும் நேரடியாக இயக்கவில்லை, தடையை அகற்றுகிறது. எஸ்.எல்.ஆர் 1 பழுதான விகார நெல், ஓமோன் கொடுக்காமலே எந்நேரமும் ஜிபரெலின் கிடைத்ததுபோல மெலிந்து நீண்டு வளரும்.

கமிப் பிடிக்கும் இந்தத் தொடர் அமிலேசுப் புரோமோட்டரிலேயே இருக்கிறது, ஈஸ்திரோஜன் வாங்கிக்குச் சொன்ன தூரத் தொடர்களைப் போல அல்ல. இரண்டு ஏற்பாடும் இயற்கையில் உண்டு.


உவர்மலை_உயிரியல் எழுதியது:

இருவருக்கும் மிகவும் நன்றி. எழுத்துகளைத் தமிழில் எழுதிக்காட்டியது கரும்பலகைக்கு அப்படியே உதவும். ஒரு சந்தேகம் மிச்சம். கோட்டிசோலும் அல்டொஸ்தரோனும் உருவத்தில் கிட்டத்தட்ட ஒன்று. சிறுநீரகத்தின் அல்டொஸ்தரோன் வாங்கி இவை இரண்டையும் எப்படிப் பிரித்து அறிகிறது? பிரித்து அறியாவிட்டால் கோட்டிசோல் எந்நேரமும் சோடியத்தைப் பிடித்து வைக்கும் பரம்பரையலகுகளை இயக்கிக்கொண்டிருக்குமே?

செய்முறைக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளைதான் கிடைக்கும். திங்கட்கிழமை காலையில் அயடீன் ஊற்றினால் பிந்திவிடுமா?


கிண்ணியா_மருந்தாளர் எழுதியது:

மிஸ், நல்ல கேள்வி. அந்த வாங்கி பிரித்து அறிவதில்லை. கோட்டிசோலையும் அல்டொஸ்தரோனையும் ஏறக்குறைய ஒரே இறுக்கத்தோடு பிடிக்கும். இரத்தத்திலோ கோட்டிசோல் அல்டொஸ்தரோனைவிடக் குறைந்தது நூறு மடங்கு கூட. ஆகவே பாதுகாப்பு வாங்கியில் இல்லை, வாங்கிக்கு முன்னால் இருக்கிறது. சிறுநீரகத்தின் அந்தக் கலங்களில் 11 பீற்றா ஐதரொக்சி ஸ்டீரொயிட்டு டீஐதரசனேசு, இரண்டாம் வகை, என்ற நொதியம் கோட்டிசோலைக் கோட்டிசோனாக மாற்றிவிடுகிறது. கோட்டிசோன் அந்த வாங்கியைப் பிடிக்காது. அல்டொஸ்தரோனுக்கு இந்த நொதியத்தால் ஒன்றும் ஆவதில்லை, அது தனியாக வாங்கியை அடைகிறது.

இந்தக் காவல் போனால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் நாட்டு மருந்துக் கடையிலேயே இருக்கிறது. அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின் என்ற பொருள் உடலில் மாறி அந்த நொதியத்தைத் தடுக்கிறது. இருமலுக்குச் சில நாள் ஒரு துண்டு மெல்வதல்ல பிரச்சினை. நாள்தோறும் பல கிழமை கூடிய அளவில் எடுத்தால் கோட்டிசோல் மாறாமல் வாங்கியைப் பிடிக்கும், சோடியத்தைப் பிடித்துவைக்கும் பரம்பரையலகுகள் வேலைசெய்யும், குருதியமுக்கம் ஏறும், பொற்றாசியம் இறங்கும். அல்டொஸ்தரோனை அளந்தால் குறைவாகத்தான் இருக்கும். குருதியமுக்க மருந்தும் சிறுநீர் போக்கும் மாத்திரையும் எடுப்பவர்கள் அதிமதுரம் தொடர்ந்து எடுக்கிறார்களா என்று கேட்பது அதனால்தான் முக்கியம்.

உங்கள் இரண்டாவது வாக்கியத்துக்கு இதுவும் பொருத்தம்: ஒரு கலம் ஓமோனுக்கு எப்படி நடந்துகொள்ளும் என்பதில் வாங்கி, குரோமற்றின் இரண்டோடு ஓமோனை மாற்றும் நொதியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புரோமோட்டரில் ஒரு எழுத்து மாறினால் என்ன என்று பிள்ளைகள் கேட்டால் தலசீமியாவை (ஈமோகுளோபின் போதாத பரம்பரை இரத்த நோய்) சொல்லலாம். ஈமோகுளோபினின் பகுதியான பீற்றா குளோபினின் பரம்பரையலகில், டாட்டா பெட்டிக்குள், தொடக்கப் புள்ளிக்கு 28 அல்லது 29 எழுத்து முன்னால், அ இருந்த இடத்தில் கு வரும் விகாரங்கள் உண்டு. அங்கே உண்டாகும் பீற்றா குளோபினில் ஒரு அமினோவமிலமும் பிழையில்லை. அளவு மட்டும் குறைகிறது, முற்றாக நிற்பதில்லை, அதனால் நோயும் ஒப்பீட்டளவில் இலேசு. புரதத்தின் தரத்தைத் தீர்மானிக்கும் பகுதியும் அளவைத் தீர்மானிக்கும் பகுதியும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம்.


கந்தளாய்_வயல் எழுதியது:

வெள்ளி பிற்பகல் 1 மணிக்கு வைத்தால் திங்கள் காலை 8 மணிக்கு 67 மணித்தியாலம். பிந்தாது. ஆனால் இரண்டு விடயம். வைகாசி, ஆனி மாத வெயிலில் பூட்டிய ஆய்வுகூடம் 35 பாகையைத் தாண்டும், அந்தச் சூட்டில் பூஞ்சை முந்திக்கொள்ளும். கிண்ணங்களைத் தகரக் கூரைக்குக் கீழே மேல் தட்டில் வைக்காமல், நிலத்தில், நிழல் மூலையில், மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டிக்குள் ஈரத் துணியோடு வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் மட்டும் வைக்க வேண்டாம், கலங்கள் வேலையை நிறுத்திவிடும். மற்றது, மூன்று நாளில் வளையங்கள் பெருத்து ஒன்றோடொன்று முட்டலாம். கிண்ணத்துக்கு 8 என்று சொன்னதை 5 ஆக்கிவிடுங்கள், தானியத்துக்குத் தானியம் 2 சென்ரிமீற்றருக்குக் குறையாத இடைவெளி இருக்கட்டும்.

ஒரு தொகுதியில் ஜிபரெலினை லீற்றருக்கு 10 மைக்ரோமோலுக்குப் பதில் 1 மைக்ரோமோலாகவும் வையுங்கள். வேலைக் கரைசல் 0.2 மில்லிலீற்றர், கூடவே ஓமோன் இல்லாத 1 வீத எதனோல் 1.8 மில்லிலீற்றர், அப்போதுதான் எதனோல் அளவு எல்லாக் குடுவையிலும் ஒன்றாக இருக்கும். வளையம் பத்தில் ஒன்றாகச் சிறுக்காது. ஏன் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். வாங்கிகள் எத்தனை என்பதற்கு ஓர் எல்லை உண்டென்று யாராவது சொல்வார்கள்.